தாமஸ் சங்காரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா பாசோவை 1983 ஆகஸ்ட் 4 முதல் 1987 அக்டோபர் 15 வரை ஆண்ட கேப்டன் தாமஸ் சங்காராவைப் பற்றித் தமிழில் சுற்றிவரும் குறிப்புகள் பெரும்பாலும் துதியாகவே இருக்கின்றன. நான்கு ஆண்டுகளும் சில வாரங்களும் மட்டுமே நீடித்த அந்த ஆட்சியின் சாதனைகளும் பிழைகளும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை என்பதும், அந்தக் குணம் அவசரம் என்பதும் இதை எழுதியவரின் கருத்து. கீழே உள்ள விடைகளில் அந்தக் கருத்தின் சாயல் படிந்திருப்பதை மறைக்க முயலவில்லை.

அவர் எங்கே பிறந்தார்? குடும்பப் பின்னணி என்ன?

1949 டிசம்பர் 21 அன்று, அப்போது பிரான்சின் ஆட்சியில் மேல் வோல்ட்டா என்று அழைக்கப்பட்ட நாட்டின் யாக்கோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். பிறகு காவல் படையில் வேலை பார்த்தார். கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் பையன் பாதிரியாராக வேண்டும் என்று வீட்டில் விரும்பினார்கள். அவரோ போபோ திவுலாசோ நகரத்தின் உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்துகொண்டார். அங்கிருந்து 1966இல் தலைநகர் வாகடூகுவில் இருந்த ராணுவப் பள்ளிக்குச் சென்றார்.

‘சங்காரா’ என்ற பெயருக்கும் நம் ‘சங்கரன்’ என்ற பெயருக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே.

ஒரு ராணுவ அதிகாரி எப்படி இடதுசாரிப் புரட்சியாளர் ஆனார்?

ராணுவப் பள்ளியில் பாடம் நடத்திய ஆதாமா தூரே என்ற ஆசிரியர், வகுப்பு முடிந்தபின் நம்பிக்கையான சில மாணவர்களை அழைத்துக் காலனியம், ஏகாதிபத்தியம், சோசலிசம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். விதை அங்கே விழுந்தது. பின்னர் மடகாஸ்கரின் அன்ட்சிராபே நகரிலிருந்த ராணுவக் கல்விக்கூடத்தில் பயிலும்போது, 1972இல் ஃபிலிபேர் சிரானானாவின் ஆட்சியை மாணவர்களும் தொழிலாளர்களும் கவிழ்த்ததை அவர் கண்ணெதிரே பார்த்தார். படிப்பு முடிந்தும் உடனே ஊர் திரும்பாமல், மேலும் ஓராண்டு அங்கேயே தங்கி, துப்பாக்கிக்குப் பதிலாக உழவு, ஊர்ப்பணி ஆகியவற்றில் ஈடுபடுத்தப்பட்டிருந்த ராணுவப் பிரிவுகளோடு வேலை செய்தார். பிற்காலத்தில் ‘அரசியல் கல்வி பெறாத படைவீரன் கையில் ஆயுதம் ஏந்திய குற்றவாளியாக மாறக்கூடியவன்’ என்ற பொருள்பட அவர் பேசியதற்கு இந்த ஆண்டுகளே அடிப்படை.

1974 டிசம்பரில் மாலியுடன் நடந்த எல்லைச் சண்டையில் துணிவாகப் போரிட்டுப் பெயர் வாங்கினார். ஆனால் அந்தப் போரே பயனற்றது, நியாயமற்றது என்று பின்னாளில் சொல்லவும் செய்தார். 1976இல் கானா நாட்டு எல்லையை ஒட்டிய போ நகரில் கமாண்டோப் பயிற்சி மையத்தின் தலைவரானார். கிணறு வெட்டுதல், பயிரிடுதல் ஆகியவற்றில் ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்வதும் அங்கே பயிற்சியின் பகுதியாயிற்று. பிளேஸ் கொம்பாவோரே என்ற இளைய அதிகாரியோடு ஏற்பட்ட நட்பும் இக்காலத்தது. சங்காராவின் பெற்றோர் கொம்பாவோரேயைத் தங்கள் இன்னொரு மகனாகவே நடத்தினார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஆட்சியைப் பிடித்தது எப்படி? அது தேர்தலா, ராணுவக் கவிழ்ப்பா?

ராணுவக் கவிழ்ப்புத்தான். ஆனால் அதற்கு முன்கதை உண்டு. 1981 செப்டம்பரில், கர்னல் சாயே செர்போவின் ராணுவ அரசில் அவர் தகவல் துறைப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டபோது, அமைச்சரவைக் கூட்டத்துக்கு சைக்கிளில் வந்து இறங்கினார். செய்தியாளர்களை ஊழலைப் பற்றித் தாராளமாக எழுதச் சொன்னார். தொழிற்சங்கங்கள்மீது அடக்குமுறை தொடங்கியதும் 1982 ஏப்ரலில் பதவியைத் துறந்தார். மக்களின் வாயைக் கட்டுவோருக்குக் கேடு வரும் என்று அப்போது அவர் விடுத்த எச்சரிக்கை நாடெங்கும் பரவியது. அந்த வாசகத்தைப் பின்னாளில் அவருக்கு எதிராகவே திருப்பிச் சொல்ல முடிந்தது என்பதைக் கீழே காண்க.

1982 நவம்பரில் இன்னொரு கவிழ்ப்பு. ராணுவ மருத்துவரான ஜான் பாப்டிஸ்ட் வெத்ராவோகோ குடியரசுத் தலைவரானார். 1983 ஜனவரியில் சங்காரா பிரதமராக அமர்த்தப்பட்டார். ஐந்து மாதம்கூட நிறைவடையவில்லை. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தெரானின் ஆப்பிரிக்க ஆலோசகர் வாகடூகுவில் வந்து இறங்கிய மறுநாள், மே 17 அன்று, சங்காரா கைது செய்யப்பட்டார். மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். கைதாகாமல் தப்பிய கொம்பாவோரே போ முகாமுக்குச் சென்று அதை எதிர்ப்பின் கோட்டையாக்கினார். ஆகஸ்ட் 4 இரவு அங்கிருந்து லாரிகளில் கிளம்பிய கமாண்டோக்கள் தலைநகரைக் கைப்பற்றினார்கள். 33 வயதில் சங்காரா தேசியப் புரட்சிக் குழுவின் தலைவரானார். நாட்டின் தலைவரும் அவரே.

நாட்டின் பெயரை மாற்றியது ஏன்? புர்க்கினா பாசோ என்றால் என்ன?

மேல் வோல்ட்டா என்பது ஓர் ஆற்றின் போக்கை வைத்துக் காலனி அதிகாரிகள் வரைபடத்துக்காகச் சூட்டிய பெயர். ஆட்சிக்கு வந்த முதலாம் ஆண்டு நிறைவில், 1984 ஆகஸ்ட் 4 அன்று, அது நீக்கப்பட்டது. ‘புர்க்கினா’ என்பது மோரே மொழியில் நேர்மையானவர்களைக் குறிக்கும். ‘பாசோ’ என்பது ஜூலா மொழியில் தந்தையர் வீடு. குடிமக்களைக் குறிக்கும் ‘புர்க்கினாபே’ என்ற சொல்லின் ஈறு புல்லானி மக்களின் மொழியிலிருந்து வந்தது. ஒரே பெயருக்குள் மூன்று மொழிகளை உட்கார வைத்தது திட்டமிட்ட செயல். புதிய நாட்டுப்பண்ணின் வரிகளையும் அவரே எழுதினார். அவர் கிட்டார் வாசிப்பவர்.

அவருடைய எளிமையைப் பற்றிய கதைகள் உண்மையா, மிகையா?

பெரும்பாலானவை உண்மை. அரசின் மெர்சிடிஸ் கார்கள் விற்கப்பட்டன. அந்நாட்டில் அப்போது கிடைத்தவற்றிலேயே மலிவான ரெனோ 5 அமைச்சர்களின் வாகனமாயிற்று. அவருடைய மாதச் சம்பளம் ஏறக்குறைய 450 டாலர். 1987இல் ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் அவரே சென்று தம் உடைமைகளை அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இருந்தவை ஒரு கார், நான்கு சைக்கிள்கள், மூன்று கிட்டார்கள், ஒரு குளிர்ப்பெட்டி, வேலை செய்யாத உறைபெட்டி ஒன்று, இன்னும் கடன் அடைபடாத வீடு.

ஆனால் தலைவரின் எளிமை அவரோடு நிற்கவில்லை; சட்டமாகி மற்றவர்கள்மீதும் இறங்கியது. அரசு ஊழியர்கள் உள்நாட்டுப் பருத்தியில் கையால் நெய்த ‘ஃபாசோ தான் ஃபானி’ துணியை உடுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. நம் ஊர்க் கதரைப்போலக் கனமான, கோடு போட்ட துணி அது. எல்லோருக்கும் அதில் விருப்பம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சிலர் வழக்கமான சட்டையோடு அலுவலகம் வந்துவிட்டு, மலிவான ஃபானி மேல்சட்டை ஒன்றை அங்கேயே வைத்திருந்து, அதிபர் திடீரென ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அந்த மலிவு ரகத்துக்கு மக்கள் வைத்த பெயரே ‘சங்காரா வருகிறார்’ என்பதாகும். ஆயிரம் பக்க ஆய்வு சொல்லாததை அந்தத் துணியின் பெயர் சொல்லிவிடுகிறது.

பதினைந்து நாளில் 25 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதாகச் சொல்வது நம்பத் தகுந்ததா?

ஆம். 1984 நவம்பர் இறுதியில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல், மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றுக்கும் எதிராகச் சுமார் 25 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது 80 லட்சத்தை எட்டவில்லை. இவ்வளவு குறுகிய காலத்தில் இது கைகூடாது என்று தயங்கிய வெளிநாட்டு உதவி அமைப்புகளையும் இழுத்துக்கொண்டு, ஊர்தோறும் அமைக்கப்பட்டிருந்த புரட்சிப் பாதுகாப்புக் குழுக்களின் துணையோடு அது நடத்தி முடிக்கப்பட்டது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தாய்மார்கள் பல மைல் நடந்துவந்து வரிசையில் நின்றார்கள். எல்லை தாண்டி அண்டை நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு.

ஒருமுறை நடத்தும் இயக்கம், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் மருந்தகத்துக்கு ஈடாகாது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, அது நியாயமானதும்கூட. ஊருக்கொரு முதல்நிலைச் சுகாதார நிலையம் என்ற திட்டம் அடுத்த ஆண்டு தொடங்கப்பட்டது அதற்கான விடை. கட்டடங்கள் எழுந்தன; அவற்றுக்குத் தேவையான மருந்தும் பயிற்சி பெற்ற ஆட்களும் அதே வேகத்தில் கிடைக்கவில்லை.

எழுத்தறிவு 13 விழுக்காட்டிலிருந்து 73 விழுக்காடாக உயர்ந்ததாமே?

இணையத்தில் மிக அதிகமாகப் பகிரப்படும் எண் இதுதான். நம்ப முடியாததும் இதுதான். 1986இல் உள்நாட்டு மொழிகளில் நடத்தப்பட்ட எழுத்தறிவு இயக்கம் உண்மை, பல்லாயிரம் உழவர்கள் அதில் பயின்றதும் உண்மை. ஆனால் அவர் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பின்னும் உலகிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில்தான் புர்க்கினா பாசோ இருந்தது. முக்கால்வாசிப் பேர் ஒருமுறை படிக்கக் கற்றுக்கொண்டு பிறகு எல்லோரும் சேர்ந்து மறந்துவிட்டார்கள் என்று கொள்வதற்கில்லை.

பெண்களுக்காக அவர் செய்தது என்ன?

கட்டாயத் திருமணம், பெண்ணுறுப்புச் சிதைப்பு, பலதார மணம் ஆகியவற்றை எதிர்த்து அரசே களத்தில் இறங்கியது. அமைச்சரவையில் பல பெண்கள் இடம்பெற்றனர். அதிபரின் மெய்க்காவல் படையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்கள் இருந்தனர். 1984 செப்டம்பர் 22 அன்று, வீட்டுக்கு வேண்டிய காய்கறியை ஆண்கள்தான் சந்தைக்குப் போய் வாங்கி வரவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. கூடையோடு நின்று, விலை கேட்டுத் திகைத்து, பேரம் பேசத் தெரியாமல் விழித்த ஆண்களைக் கண்டு சந்தைப் பெண்கள் சிரித்தார்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் என்ன வாங்க முடியும் என்பது ஆண்களுக்குத் தெரியவேண்டும் என்பதே நோக்கம். ஒரு நாள் கூத்து என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. 1987 மார்ச் 8 அன்று ஆயிரக்கணக்கான பெண்களின் முன் அவர் ஆற்றிய நீண்ட உரையைப் படித்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். பெண் விடுதலை ஆண் தரும் தானமன்று, புரட்சியின் நிபந்தனை என்று அதில் வாதிடுகிறார்.

வெளிநாட்டு உதவி இல்லாமல் ரயில் பாதை போட்டார்கள் என்பது சரியா?

பெருமளவு சரி. வாகடூகுவிலிருந்து வடக்கே காயாவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அப்பாலுள்ள தம்பாவோ மாங்கனீசுப் படிவத்தை எட்டுவது இறுதி இலக்கு. லாபமில்லை என்று உலக வங்கி கைவிரித்தது. 1985 பிப்ரவரியில் ‘தண்டவாளப் போர்’ தொடங்கியது; அலுவலர்களும் மாணவர்களும் ஊர் மக்களும் முறைவைத்து வந்து, வெயிலில் தண்டவாளத்தைத் தோளில் தூக்கிச் சென்று பதித்தார்கள். தம்பாவோ வரை அது போய்ச் சேரவில்லை.

அவர் சர்வாதிகாரியா? எதிர்ப்பாளர்களை எப்படி நடத்தினார்?

தேர்தல் நடத்தவில்லை, கட்சிகளை இயங்க விடவில்லை. எனவே சொல்லின் நேர்ப்பொருளில் ஆம் என்றே விடை சொல்லவேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எதுவும் விளங்காது.

1984 ஜனவரியில் மக்கள் புரட்சி நீதிமன்றங்கள் விசாரணையைத் தொடங்கின. பழைய ஆட்சியாளர்களின் ஊழலை விசாரித்த அந்த அமர்வுகள் வானொலியில் ஒலிபரப்பாயின. வேலை செய்துகொண்டே மக்கள் கேட்டார்கள். முதலில் நிறுத்தப்பட்ட முன்னாள் குடியரசுத் தலைவர் லமிசானா விடுதலை செய்யப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்புச் சொன்னவர்களில் பெரும்பாலோர் சட்டம் பயின்றவர்கள் அல்லர். அதே ஆண்டு ஜூனில், கவிழ்ப்புச் சதி என்ற குற்றச்சாட்டில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரட்சிப் பாதுகாப்புக் குழுக்களில் துப்பாக்கி கிடைத்த இளைஞர்கள் சிலர் அதைக்கொண்டு சொந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அத்துமீறல்களைச் சங்காராவே மேடையில் கண்டிக்க நேர்ந்தது.

எனினும், அந்த ஆட்சியின் போக்கைத் தீர்மானித்த பிழை எது என்று கேட்டால், 1984 மார்ச்சில் நடந்ததையே சுட்டுவேன். ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பேச்சுக்கு இடமில்லாமல், 1,300 பேருக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பள்ளிகளே போதாத நாட்டில் அவர்களுடைய இடத்தில், சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற இளைஞர்கள் நிறுத்தப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன், சங்கங்களின் வாயைக் கட்டாதீர்கள் என்று பதவியைத் தூக்கி எறிந்தவர்தான் இந்த உத்தரவைப் பிறப்பித்தவர். நாட்டின் வருமானம் சம்பளமாக நகரத்திலேயே தீர்ந்துபோகிறது, கிராமம் காய்கிறது என்ற அவருடைய கணக்கு தவறன்று. தலைவரி நீக்கம், ஊர்த் தலைவர்களின் பரம்பரை அதிகாரக் குறைப்பு, 1985 முழுவதும் வீட்டு வாடகை ரத்து எனத் தொடர்ந்த எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைக் காணலாம். ஆனால் தமக்கு இயல்பான துணையாக வந்திருக்கக்கூடிய படித்த தொழிலாளர் கூட்டத்தை அவர் முதல் ஆண்டிலேயே பகைத்துக்கொண்டார். கடைசிக் காலத்தில் தம்மைத் திருத்திக்கொள்ள முனைந்தார். நீக்கப்பட்டவர்களைத் திரும்ப அழைக்கும் வேலை தொடங்கியது. 1987 ஆகஸ்ட் 4 உரையில் வேகத்தைக் குறைத்து மக்களோடு சேர்ந்து நடக்கவேண்டும் என்றார். அதற்குள் நேரம் கடந்திருந்தது.

மாலியுடன் மீண்டும் போர் மூண்டது ஏன்?

அகாச்சர் என்ற எல்லைப் பகுதிக்காக. வழக்கு ஏற்கெனவே 1983இலேயே சர்வதேச நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1985 டிசம்பரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் அந்தச் சர்ச்சைக்குரிய கிராமங்களுக்குள் சென்றதை மாலி அத்துமீறலாகக் கருதியது. கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிய சண்டை ஐந்தாறு நாளில் ஓய்ந்தது. மாலியின் விமானத் தாக்குதலில் வாகிகூயா நகரச் சந்தையில் பொதுமக்கள் மடிந்தார்கள். 1986 டிசம்பர் 22 அன்று நீதிமன்றம் அப்பகுதியை ஏறத்தாழச் சமமாகப் பிரித்துக்கொடுத்தது.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். பிரதமராக இருந்த குறுகிய காலத்தில், 1983 மார்ச்சில் புதுதில்லியில் இந்திரா காந்தியின் தலைமையில் கூடிய அணிசேரா நாடுகளின் ஏழாவது உச்சி மாநாட்டில் அவர் பேசினார். கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை அவர் முதன்முதலில் சந்தித்ததும் அங்கேதான்.

கடன் பற்றிய புகழ்பெற்ற உரை எப்போது ஆற்றப்பட்டது?

1987 ஜூலை 29, அடிஸ் அபாபா, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் கூட்டம். கடன் கொடுத்தவர்களே நம்மைக் காலனியாக ஆண்டவர்கள். கடன் வாங்கும்படி ஆலோசனை சொன்னவர்களும் அவர்களே. நாம் கட்டாவிட்டால் அவர்கள் செத்துவிடப் போவதில்லை, கட்டினால் நாம்தான் சாவோம் என்பது வாதத்தின் சாரம். ஆனால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே மறுப்பதைவிட எல்லோரும் சேர்ந்து மறுக்கவேண்டும் என்பதே அவர் வைத்த கோரிக்கை. புர்க்கினா பாசோ மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்கமாட்டேன் என்றார். அவையில் சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. தாமும் தம் குழுவினரும் உடுத்தியிருந்த துணி தம் நாட்டில் விளைந்து, நெய்து, தைக்கப்பட்டது என்று சுட்டிக்காட்டி முடித்தார். 78 நாள் கழித்து அவர் உயிரோடு இல்லை.

அவரைக் கொன்றது யார்? ஏன்?

1987 அக்டோபர் 15, வியாழக்கிழமை. அரசு ஊழியர்கள் மாலையில் உடற்பயிற்சி செய்யும் நாளாதலால் சங்காரா விளையாட்டு உடையிலேயே, தலைநகரின் கொன்செய் தெ லந்தாந்த் வளாகத்தில் சிறு குழுவொன்றோடு கூட்டத்தில் இருந்தார். நாலரை மணி வாக்கில் வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ‘நீங்கள் இருங்கள், அவர்களுக்கு வேண்டியது நான்தான்’ என்று சொல்லிக் கைகளை உயர்த்தியபடி வெளியேறியதாக, அந்த அறையில் உயிர் தப்பிய ஒரே சாட்சி கூறியிருக்கிறார். அவரும் பன்னிரண்டு தோழர்களும் கொல்லப்பட்டு, அன்றிரவே நகரின் விளிம்பிலுள்ள தன்யோவென் கல்லறையில் அவசரமாகப் புதைக்கப்பட்டார்கள். ஆட்சிக்கு வந்தவர் கொம்பாவோரே. தாம் அன்று காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்ததாக அவர் சொன்னார். சங்காராவின் இறப்புச் சான்றிதழில் ‘இயற்கை மரணம்’ என்று எழுதப்பட்டது.

சதி நடப்பதாக எச்சரித்து, முந்திக்கொள்ளும்படி நெருக்கமானவர்கள் வற்புறுத்தியும் நண்பன்மீது கைவைக்க அவர் மறுத்தார். புரட்சிக் குழுவுக்குள் முற்றியிருந்த பிளவு ஒரு காரணம். அண்டை நாடான ஐவரி கோஸ்ட்டின் குடியரசுத் தலைவர் ஹூஃபுவே புவாஞி, பிரான்சு ஆகிய தரப்புகளின் பகை பின்புலம். 1986 நவம்பரில் தம் விருந்தாளியாக வந்த மித்தெரானை, தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் தலைவர் போத்தாவை பிரெஞ்சு மண்ணில் நடமாட விட்டதற்காக விருந்து மேடையிலேயே அவர் கண்டித்ததைப் பாரிஸ் மறந்திருக்காது. ஆனால் வெளிநாடுகளின் பங்கு இதுவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை.

குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்களா?

கொம்பாவோரே 27 ஆண்டுகள் ஆண்டார். பதவிக்காலத்தை நீட்டிக்க அரசமைப்பைத் திருத்த முயன்றபோது, 2014 அக்டோபர் 30 அன்று மக்கள் நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்தார்கள். மறுநாள் அவர் தப்பியோடினார். தெருவிலிருந்த இளைஞர்களில் பலர் சங்காரா இறந்தபின் பிறந்தவர்கள். அவர்களுடைய சட்டைகளில் அவருடைய படம் இருந்தது. 2021 அக்டோபர் 11 அன்று தொடங்கிய வழக்கில் 14 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2022 ஏப்ரல் 6 அன்று கொம்பாவோரேக்கும், கொலைப் படையை வழிநடத்திய யாசெந்த் கஃபாந்தோவுக்கும், ராணுவ அதிகாரி ஜில்பேர் தியாந்தேரேவுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதல் இருவரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. கொம்பாவோரே ஐவரி கோஸ்ட்டில் அந்நாட்டுக் குடிமகனாகவே வாழ்கிறார்.

அவர் இப்போது எங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்?

தன்யோவென் கல்லறை 2015இல் தோண்டப்பட்டது. கிடைத்த எச்சங்களில் குண்டுத் துளைகள் இருந்தன. மரபணுச் சோதனை முடிவு எதையும் தரவில்லை. 2023 பிப்ரவரி 23 அன்று பதின்மூவரின் எச்சங்களும் அவர்கள் சுடப்பட்ட கொன்செய் தெ லந்தாந்த் வளாகத்திலேயே புதைக்கப்பட்டன. கொன்ற இடத்திலேயே புதைப்பதை ஏற்க முடியாது என்று சங்காராவின் குடும்பத்தார் அந்தச் சடங்குக்கு வர மறுத்துவிட்டார்கள். அங்கே அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே வடிவமைத்த நினைவு மண்டபம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது.